பள்ளித் தொழில்நுட்பப் பயிற்சியைக் கற்பித்தல் வடிவமைப்பு முறையில் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிய கற்றல் தளம் வாங்கியாயிற்று, ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்துவிடுங்கள் என்று நிர்வாகம் சொல்லும். அந்த ஒரே வரியில் தீர்வும் முடிவாகிவிட்டது, கால அளவும் முடிவாகிவிட்டது. பிரச்சினை என்ன என்பதுதான் சொல்லப்படவில்லை. பயிற்சியை முறையாகத் திட்டமிட்டு உருவாக்கும் துறையான கற்பித்தல் வடிவமைப்பைப் படித்துவிட்டுத் திட்டத்தில் இறங்குபவரின் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

படிப்பில் ஏடிடிஐஇ என்ற ஐந்து கட்டங்கள் மனப்பாடம் ஆகியிருக்கும்: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு. 1970-களின் நடுவில் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான முறையின் வழிவந்தது இது. தேர்வுத்தாளில் ஐந்துக்கும் சம இடம் இருக்கலாம். பள்ளியில் அப்படி நடக்காது. பகுப்பாய்வும் பணியை உடைத்துப் பார்ப்பதும்தான் பாதி உழைப்பு. ஸ்லைடு தயாரிப்பது கடைசியில் வரும் சின்ன வேலை. ஸ்லைடில் தொடங்கியவர்கள் தளத்தின் மெனுவை மேலிருந்து கீழாக விளக்குவதில் போய் முடிப்பார்கள். ஆசிரியர் வகுப்பில் செய்யும் வேலையில் தொடங்க வேண்டும்; இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

எடுத்துக்காட்டுக்கு 40 ஆசிரியர்கள், கூகுள் கிளாஸ்ரூம், 12 வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 வாரம் பகுப்பாய்வு, 3-ஆவது வாரம் நோக்கங்களும் பணிப் பகுப்பாய்வும், 4, 5-இல் தயாரிப்பு, 6-இல் முன்னோட்டமும் திருத்தமும், 7 முதல் 10 வரை வாரம் ஓர் அமர்வு, 7 முதல் 12 வரை வகுப்பறைத் துணை. மூடில், டீம்ஸ் என்று தளம் மாறினால் பொத்தான்கள் மாறும், முறை மாறாது.

படி 1: பயிற்சியால் தீரும் பிரச்சினைதானா என்று பாருங்கள்

"ஆசிரியர்கள் தளத்தைப் பயன்படுத்துவதில்லை" என்பது புகார், பிரச்சினையின் விளக்கம் அல்ல. எந்த வேலையில், யார், இப்போது எப்படிச் செய்கிறார், எப்படிச் செய்ய வேண்டும் என்று நான்காகப் பிரியுங்கள். பிறகு பயிற்சி வல்லுநர்களான ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் தந்த பழைய சோதனையைப் போடுங்கள்: உயிர் போகும் என்ற நிலை வந்தால் இவர் இதைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் குறை திறமையில் இல்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தால், தெரிந்ததையே மறுபடி சொல்கிறார்கள் என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

அப்படியானால் குறை எங்கே? தாமஸ் கில்பர்ட் 1978-இல் ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். தகவல், கருவி, ஊக்கம் மூன்றும் சூழலைச் சேர்ந்தவை. அறிவு, இயல்திறன், விருப்பம் மூன்றும் ஆளைச் சேர்ந்தவை. முதலில் சூழலைச் சரிபாருங்கள் என்பது அவர் வாதம், பள்ளிகளில் இது அப்படியே பொருந்தும். முதல் பாடவேளையில் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் இணைய, வேகம் படுத்துவிடும். மதிப்பெண்ணைத் தளத்தில் ஒருமுறையும் பதிவேட்டில் ஒருமுறையும் எழுத வேண்டியிருக்கும். மாணவர் பட்டியலே ஏற்றப்படாமல் கிடக்கும். தளத்தில் என்ன நடக்கிறது என்று தலைமை ஆசிரியர் ஒரு நாளும் திறந்து பார்த்திருக்க மாட்டார். இவற்றில் ஒன்றைக்கூடப் பயிற்சி தீர்க்காது.

தகவல் திரட்ட 2 வாரம் போதும்.

7 அல்லது 8 ஆசிரியர்களிடம் தனித்தனியாக 20 நிமிடம் பேசுங்கள். நன்றாகப் பயன்படுத்துபவர் 2 பேர், நடுத்தரம் 3 பேர், தவிர்ப்பவர் 2 பேராவது இருக்கட்டும். "என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்காதீர்கள், கேட்டால் வசதிகளின் பட்டியல்தான் வரும். "போன வாரம் கொடுத்த வீட்டுப்பாடம், கொடுத்ததிலிருந்து திருப்பித் தந்தது வரை என்னென்ன நடந்தது?" என்று கேளுங்கள். தாள் எங்கே தங்குகிறது, கருத்து எங்கே விடுபடுகிறது என்பது அந்தப் பதிலில் தெரியும்.

"உங்கள் கணினித் திறனை 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்" என்ற படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். தெரியாதவருக்குத் தனக்கு எது தெரியாது என்பதும் தெரியாது. நன்கு தெரிந்த சிலர் அடக்கமாக 3 போடுவார்கள். அதற்குப் பதில் எல்லோருக்கும் 10 நிமிடப் பணி ஒன்று கொடுங்கள்: ஒரு கோப்பைத் தளத்தில் ஏற்றி, ஒரு வகுப்புக்கு மட்டும் அனுப்ப வேண்டும். முடித்தவர், பாதியில் நின்றவர், தொடங்காதவர் என்று மூன்று குழு கிடைக்கும். பின்னால் குழு பிரிக்கவும் இதே முடிவு உதவும்.

4, 5 வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் உள்ளே வந்ததற்கும் பாடம் திரையில் தெரிந்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் என்று மட்டும் குறித்தால் போதும். இணைய வேகத்தைப் பள்ளி நேரத்தில், வைஃபை கருவிக்கு மிகத் தொலைவில் உள்ள அறையில் அளந்து பாருங்கள். மாலை 5 மணிக்கு அலுவலக அறையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பேசும்போது மனக்குறைகளையும் காது கொடுத்துக் கேளுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 1970-களில் உருவாக்கிய கவலைநிலை மாதிரி இங்கே பயன்படும். புதியதை ஏற்கும் ஆசிரியரின் கவலை ஒரு வரிசையில் நகர்கிறது என்பது அதன் சாரம்: முதலில் இது என்ன, பிறகு எனக்கு என்ன ஆகும், பிறகு இதை எப்படிச் சமாளிப்பது, அதற்குப் பிறகுதான் மாணவருக்கு என்ன பயன். "என் வேலை கூடுமா?" என்று நிற்பவரிடம் மாணவர் ஈடுபாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் ஒட்டாது. அவருக்கு நேர மிச்சத்தைக் காட்ட வேண்டும். மிச்சம் உண்மையிலேயே இல்லையென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தின் விளைவு ஒரே ஒரு பக்கம்: இடைவெளி, காரணம், சரிசெய்ய வேண்டியவர் என மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை. காரணம் திறமை என்று வரும் வரிகளே உங்கள் பயிற்சிக்கு உரியவை. மற்றவற்றை நிர்வாகத்திடம் எழுத்தில், தேதியோடு கொடுங்கள். இதைத் தவிர்த்தால் வைஃபை படுத்த பழியும் பயிற்சியின் தலையில் விழும். இப்போதைய நிலையின் எண்களையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஒப்படைப்பு கொடுத்ததற்கும் கருத்தோடு திரும்பியதற்கும் இடையே எத்தனை நாள்? தொடக்க அளவு இல்லாவிட்டால் கடைசியில் எதையும் நிரூபிக்க முடியாது.

படி 2: வேலைகளைக் குறைத்துத் தேர்ந்தெடுங்கள்

தளத்தில் 60 வசதிகள் இருக்கலாம். ஆசிரியருக்குத் தேவை 4 அல்லது 5 வேலைகள். எவ்வளவு அடிக்கடி வருகிறது, தவறினால் எவ்வளவு பாதிப்பு, தானாகக் கற்பது எவ்வளவு கடினம் என மூன்று கேள்விகளுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குங்கள். 12-க்கு மேல் வருவது அமர்வில் இடம்பெறும். 6 முதல் 12 வரை உள்ளவற்றுக்கு ஒருபக்கக் குறிப்பு போதும். மீதி வேண்டாம். அட்டைப்படம் மாற்றுவது, வண்ணம் தேர்ந்தெடுப்பது எல்லாம் தயாரிப்பாளர் செய்து காட்டும்போது அழகாக இருக்கும். அவற்றை யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை.

நமது எடுத்துக்காட்டில் தேர்வாகும் வேலைகள் நான்கு: ஒப்படைப்பு வெளியிடுதல், திருத்திக் கருத்தோடு திருப்பித் தருதல், சிறு வினாப்படிவம் வைத்து விடைகளைப் படித்தல், வராத மாணவருக்குப் பாடத்தைச் சேர்த்தல். நான்கு அமர்வு, அமர்வுக்கு ஒரு வேலை.

படி 3: நோக்கத்தை அளக்கும்படி எழுதுங்கள்

"ஆசிரியர்கள் கூகுள் கிளாஸ்ரூமைப் புரிந்துகொள்வர்" என்பதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. மேகர் 1962-இல் வகுத்த மூன்று உறுப்புகள் இன்றும் போதுமானவை: செயல், சூழல், தரம். முழுதாக எழுதினால் இப்படி வரும்:

"தன் பாடத்தின் பயிற்சித்தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருபக்கக் குறிப்பைப் பார்த்தபடி, 10 நிமிடத்துக்குள், வகுப்பின் ஒவ்வொரு மாணவருக்கும் தனி நகல் போகும்படி ஒப்படைப்பை வெளியிடுவார். கெடு தேதியும் மொத்த மதிப்பெண்ணும் குறிக்கப்பட்டிருக்கும்."

இதில் "குறிப்பைப் பார்த்தபடி" என்ற சொற்களைக் கவனியுங்கள். பொத்தான் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று முடிவெடுத்தவுடன் அமர்வில் 20 நிமிடமாவது மிச்சமாகும். "தன் பாடத்தின்" என்பதும் வெறும் அலங்காரம் இல்லை. மிஷ்ராவும் கோலரும் 2006-இல் முன்வைத்த கருத்துப்படி, தொழில்நுட்ப அறிவு, கற்பிக்கும் முறை, பாடப்பொருள் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. கணித ஆசிரியருக்கு மாணவர் கையால் எழுதிய வழிமுறையைப் படமெடுத்து வாங்கித் திருத்துவது பிரச்சினை. மொழி ஆசிரியருக்குக் கட்டுரையின் ஓரத்தில் கருத்து எழுதுவது. இருவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் இருவருக்கும் பயன் இல்லை.

கற்றல் நோக்கங்களை நினைவுகூர்தல் முதல் மேல்நிலைச் சிந்தனை வரை படிநிலைகளாக அடுக்கும் புளூமின் வகைப்பாட்டை (1956, திருத்தியது 2001) வினைச்சொல் பட்டியலாகப் பயன்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. அதன் உண்மையான உபயோகம் வேறு: நோக்கம் ஒரு நிலையிலும் சோதனை வேறொரு நிலையிலும் இருந்தால் காட்டிக்கொடுக்கும். "வெளியிடுவார்" என்று நோக்கத்தில் எழுதிவிட்டு, எந்தப் பொத்தான் எங்கே என்று பலவுள் தெரிவில் கேட்டால் அது நினைவாற்றல் சோதனைதான்.

படி 4: பணியை உடைத்துப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. தளத்தை நன்கு பயன்படுத்தும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லியபடியே செய்யச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு புதிய கணக்கில் நுழைந்து, எழுதியதை மட்டும் பார்த்து நீங்கள் செய்யுங்கள். சிக்கும் ஒவ்வொரு இடமும் அவர் சொல்லாமல் விட்ட படி. கைபழகியவருக்குத் தான் எதைத் தாண்டுகிறோம் என்பது தெரிவதில்லை.

ஒப்படைப்பு வெளியிடும் பணியை எடுத்துக்கொள்வோம். கிளாஸ்வொர்க் பகுதிக்குப் போய், கிரியேட், அசைன்மென்ட் என்று அழுத்தித் தலைப்பும் அறிவுரையும் எழுதி, டிரைவிலிருந்து ஒரு டாக்ஸ் கோப்பை இணைக்கிறோம். இதுவரை கைவேலை. கோப்பு இணைந்தவுடன் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு தெரிவுப்பட்டி வரும். மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் என்று மூன்று தெரிவுகள். முன்னிருப்பாக இருப்பது "பார்க்கலாம்".

அதை மாற்றாமல் விட்டால் மாணவரால் தாளில் எதுவும் எழுத முடியாது. "திருத்தலாம்" என்று வைத்தால் வகுப்பே ஒரே கோப்பில் எழுதும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார். தனி நகல் வேண்டுமென்றால் மூன்றாவதைத் தேர வேண்டும். அதையும் வெளியிடுவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் வெளியிட்டபின் அந்தத் தெரிவு கிடைக்காது. தவறவிட்டால் ஒப்படைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே வழி.

திருத்தும் பணியிலும் இப்படி ஓர் இடம் உண்டு. மதிப்பெண் போட்டவுடன் வேலை முடிந்தது என்று ஆசிரியர் நினைப்பார். அது வரைவு மதிப்பெண். ரிட்டர்ன் அழுத்தும்வரை மாணவருக்குத் தெரியாது. ஆசிரியர் திருத்திவிட்டேன் என்பார், மாணவர் வரவில்லை என்பார். இரண்டும் உண்மைதான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் பணியில் 10 படிகள் இருந்தாலும் முடிவெடுக்க வேண்டிய இடம் இரண்டே என்று தெரிகிறது. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி அந்த இரண்டில் போக வேண்டும். வழக்கமான பயிற்சிகளில் உள்நுழைவதற்கும் வகுப்பு உருவாக்குவதற்கும்தான் நேரமெல்லாம் போகிறது. வகுப்புகளை நிர்வாகியே மொத்தமாக உருவாக்கிவிடலாம்.

படி 5: சரிபார்ப்புப் பட்டியலை முதலில் எழுதுங்கள்

ஸ்லைடு எதையும் தொடும் முன் சோதனை தயாராக இருக்க வேண்டும். ஆம், இல்லை என்று குறிக்கும் ஆறு வரி போதும்: சரியான வகுப்புக்குப் போயிருக்கிறதா, தலைப்பில் பாடமும் தேதியும் உள்ளதா, தனி நகல் தெரிவு உள்ளதா, கெடு உள்ளதா, மதிப்பெண் அளவு உள்ளதா, மாணவர் கணக்கில் திறந்தால் எழுத முடிகிறதா. கடைசி வரிதான் உண்மையான சோதனை. பட்டியலை ஆசிரியர்களிடமே கொடுத்துவிடுங்கள். பக்கத்திலிருப்பவர் வேலையை அவரே சரிபார்க்கட்டும். அமர்வில் சொல்லும் எந்த விஷயமும் இந்த ஆறில் ஒன்றுக்கு உதவவில்லையென்றால் அதை வெட்டலாம்.

படி 6: அமர்வை நிமிடக்கணக்கில் அமையுங்கள்

ஒரே நாளில் 6 மணி நேரம் வைப்பதும், வாரம் ஒன்றாக 90 நிமிட அமர்வு நான்கு வைப்பதும் மொத்தத்தில் ஒரே நேரம்தான். ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் சோதனைகளிலிருந்தே, இடைவெளிவிட்டுக் கற்பது நிலைக்கிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. பள்ளியில் இன்னொரு லாபமும் உண்டு. இடைப்பட்ட வாரத்தில் ஆசிரியர் வகுப்பில் செய்துபார்த்து, நிஜமான சிக்கல்களோடு திரும்பி வருவார்.

ஒரு பாடத்தில் வரவேண்டிய படிகளாகக் காக்னே வகுத்த ஒன்பது நிகழ்வுகளைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் அமர்வின் முதுகெலும்புக்கு மெரில் 2002-இல் தொகுத்த ஐந்து கொள்கைகள் எளிது: நிஜப் பணி, முன்னறிவைத் தூண்டல், செய்துகாட்டல், செய்துபார்த்தல், தன் சூழலில் இணைத்தல். 90 நிமிடத்தில் அது இப்படி அமையும்:

0–5: முடிந்த பொருளைக் காட்டுங்கள். மாணவர் கணக்கில் நுழைந்து, கருத்தோடு திரும்பி வந்த தாள் எப்படித் தெரிகிறது என்று காட்டினால் போதும். வரவேற்புரை, தளத்தின் வரலாறு எதுவும் வேண்டாம்.

5–12: போன வாரம் வகுப்பில் எங்கே சிக்கியது என்று கேட்டு இரண்டைத் தீர்க்கவும்.

12–28: இரண்டு முறை செய்துகாட்டுங்கள். முதல்முறை இயல்பான வேகத்தில், நிறுத்தாமல். இரண்டாம் முறை முடிவெடுக்கும் இடங்களில் மட்டும் நின்று, "இங்கே இதைத் தேர்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு. இரண்டு முறையும் பங்கேற்பவர் கைகள் விசைப்பலகையில் இருக்கக்கூடாது.

28–45: பாதி முடிந்த ஒப்படைப்பைக் கொடுங்கள். முதல் படிகள் முடிந்திருக்கும். தெரிவு, கெடு, வெளியீடு மட்டும் அவர்கள் செய்ய வேண்டும்.

45–75: சொந்தப் பயிற்சித்தாளை வைத்து முழுப் பணி. குறிப்புத்தாள் மேசைமேல். நீங்கள் மவுஸைத் தொடாதீர்கள்; விரலால் காட்டலாம், கேள்வி கேட்கலாம்.

75–85: வேண்டுமென்றே பிழையோடு அமைத்த மூன்று ஒப்படைப்புகள். என்ன தவறு, மாணவருக்கு எப்படித் தெரியும், எப்படிச் சரிசெய்வது?

85–90: அடுத்த 7 நாளில் எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்கு இதைச் செய்யப்போகிறேன் என்று எழுதித் தருவது.

இந்த அமைப்பில் இல்லாத ஒன்று, "நான் அழுத்துவதை நீங்களும் அழுத்துங்கள்" என்ற முறை. மிகப் பரவலாகக் கையாளப்படுவதும் மிகக் குறைவாகப் பலன் தருவதும் அதுதான். கண் பெருந்திரைக்கும் சொந்தத் திரைக்கும் இடையே ஓடுகிறது. ஒருவர் பின்தங்கினால் 19 பேர் காத்திருக்கிறார்கள். கவனமெல்லாம் இடம் தேடுவதில் செலவாகி, ஏன் அந்தத் தெரிவு என்பது மனதில் தங்குவதில்லை. ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதல்சுமைக் கோட்பாடு சொல்வது இதுவே: செயல்நினைவின் இடம் சிறியது, தேடலில் அது நிரம்பினால் கற்றலுக்கு மிஞ்சாது. முழுதாகச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டு, பிறகு பாதி முடிந்தது, பிறகு முழுப் பணி என்ற வரிசையும் அந்த ஆய்வுவழியில் வந்ததே.

அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தொடக்கநிலையில் உள்ளவருக்கு உதவும் விரிவான படிவிளக்கம், தெரிந்தவருக்குச் சுமையாகிவிடும். படி 1-இல் கொடுத்த 10 நிமிடப் பணியை முடித்தவர்களை முதல் 45 நிமிடம் உட்கார வைக்காதீர்கள். நேராக முழுப் பணிக்கும் பிழைகாண் பகுதிக்கும் அனுப்புங்கள். குழுவை வயதை வைத்தோ பதவியை வைத்தோ பிரிக்க வேண்டாம். மூத்த ஆசிரியர்களுக்கு இளையவர் முன்னால் தடுமாறுவதுதான் பெரிய பயம். கற்பவரின் ஊக்கத்தை விளக்கும் கெல்லரின் ஏஆர்சிஎஸ் மாதிரியில் (கவனம், பொருத்தம், தன்னம்பிக்கை, மனநிறைவு) பள்ளிப் பயிற்சிகளில் அடிபடுவது பெரும்பாலும் மூன்றாவது. முதல் அமர்வில் சிறிய வெற்றி ஒன்று சீக்கிரமே கிடைக்கும்படி வையுங்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று ஆசிரியர்களைப் பிரிக்கும் படிவத்துக்கு நேரம் செலவிட வேண்டாம். அந்தப் பிரிவுக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் குழுவினரும் 2008-இல் ஆய்வுகளைத் திரட்டிக் காட்டிவிட்டார்கள். படிப்பதில் 10 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவிருக்கும் என்ற பிரமிடு படமும் அப்படித்தான். அந்த எண்களுக்குப் பின்னால் ஆய்வு கிடையாது. இரண்டும் இன்னமும் பயிற்சி ஸ்லைடுகளில் உலவுகின்றன.

படி 7: பொருள்களைத் தயாரியுங்கள்

முதலில் ஒருபக்கக் குறிப்பு. ஒரு பணிக்கு ஒரு பக்கம், படிக்கு ஒரு வினை, முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே எண்ணிட்ட விளக்கம் வைக்காமல், அம்புக்குறியோடு படத்தின் மேலேயே சொற்களைப் போடுங்கள். சொல்லும் படமும் பிரிந்திருந்தால் கண் அலைகிறது. இது ரிச்சர்ட் மேயரின் அருகாமைக் கொள்கை. பொத்தானின் பெயரைத் திரையில் இருக்கும் மொழியிலேயே எழுதுங்கள். ஆசிரியரின் திரை ஆங்கிலத்தில் இருக்க, குறிப்பில் மொழிபெயர்த்த பெயர் இருந்தால் தேடிக்கொண்டே இருப்பார்.

பக்கத்தின் கீழே "இப்படி ஆனால்" என்று மூன்று பிழையும் தீர்வும் வையுங்கள். உண்மையில் ஆசிரியர்கள் திரும்பிவந்து பார்ப்பது அந்த மூன்று வரியைத்தான்.

காணொளி 2 முதல் 3 நிமிடம், ஒரு பணிக்கு ஒன்று. எட்எக்ஸ் இணையப் பாடங்களின் காணொளிகளை 2014-இல் ஆராய்ந்த பிலிப் குவோ குழுவினர், ஈடுபாடு பெரும்பாலும் 6 நிமிடத்துக்கு மேல் போவதில்லை என்று கண்டார்கள். பாடவேளைக்கு இடையில் பார்க்கும் ஆசிரியருக்கு அதுவே அதிகம். குரலில் சொல்வதையே திரையிலும் எழுத்தாக ஓடவிட்டு இரட்டிப்பாக்காதீர்கள். காது கேளாதவருக்கான வசன வரியை விருப்பத் தெரிவாக வைக்கலாம். பின்னணி இசை வேண்டாம்.

மறக்கக்கூடாத இன்னொன்று பயிற்சி வகுப்பு. ஆசிரியர் செய்துபார்க்கத் தளத்துக்குள் ஒரு பயிற்சி வகுப்பும், அதில் 3 போலி மாணவர் கணக்குகளும் தேவை. அவை பள்ளியின் டொமைனுக்குள் (பள்ளி தரும் மின்னஞ்சல் முகவரிகளில்) இருக்கட்டும். வெளிக் கணக்குகள் வகுப்பில் சேர முடியாதபடி பல பள்ளிகளில் தடை இருக்கும். 3 கணக்கில் ஒன்று ஒப்படைத்தது, ஒன்று தாமதம், ஒன்று ஒப்படைக்காதது என்று முன்பே அமைத்துவிடுங்கள். அப்போதுதான் திருத்தும் பயிற்சிக்குப் பொருள் இருக்கும்.

படி 8: முன்னோட்டம் பாருங்கள்

டிக், கேரி இருவரும் விளக்கிய உருவாக்கநிலை மதிப்பீட்டில் (தயாரிக்கும்போதே சோதித்துத் திருத்துவதில்) மூன்று சுற்றுகள் உண்டு: ஒருவரோடு, சிறு குழுவோடு, களத்தில். பள்ளித் திட்டத்துக்கு முதல் இரண்டும் போதும். மூன்று ஆசிரியர்களை (வல்லவர், நடுத்தரம், தடுமாறுபவர் என ஒவ்வொருவர்) தனித்தனியே உட்கார வைத்துக் குறிப்புத்தாளை மட்டும் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது, கஷ்டம்தான். அவர் 10 விநாடிக்கு மேல் நின்ற ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். இருவர் ஒரே இடத்தில் நின்றால் தாளை மாற்றுங்கள். அடுத்து 8 பேரோடு முழு அமர்வு. நிமிடத் திட்டத்தில் எங்கே நழுவுகிறது என்பது இங்கே தெரியும். வழக்கமாக நழுவுவது 45–75 பகுதி, ஏனென்றால் பாதிப்பேர் சொந்தப் பயிற்சித்தாளைக் கொண்டுவர மறந்திருப்பார்கள். முதல்நாள் மாலையே அதைத் தளத்தில் ஏற்றி அனுப்பச் சொல்வதே தீர்வு.

படி 9: அமர்வு நாள்

40 பேரை இரண்டாகப் பிரித்து 20 பேருக்கு ஓர் அமர்வு. நடத்துபவர் ஒருவர், உதவியாளர் 2 பேர். உதவியாளர் பள்ளியின் ஆசிரியர்களாகவே இருந்தால் பின்னால் அவர்களே வகுப்பறைத் துணையாவார்கள். பாடத்துறை வாரியாக இருவர் இருவராக அமரட்டும்.

முதல் 10 நிமிடத்தைத் தின்னும் சிக்கல்கள் ஒருசில. கடவுச்சொல் மறந்திருக்கும், அமர்வு முடியும்வரை கணக்கு நிர்வாகி தொலைபேசியில் கிடைக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்புக்கு எண் வரும், கைப்பேசியோ ஆசிரியர் அறையில் இருக்கும். பிரவுசர் தனிப்பட்ட ஜிமெயிலில் திறந்திருக்கும், அதனால் வகுப்பே தெரியாது. மூலையில் உள்ள கணக்குப் படத்தைப் பார்க்கப் பழக்குங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கத் தொடங்கி இணையம் திணறும். முதல் நாளே எல்லாவற்றையும் இயக்கி முடித்துவிடுங்கள். இணையம் முழுதாகப் போய்விட்டால் பிழைகாண் பகுதியை ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சுப்படி வைத்து நடத்தலாம். 20 பிரதி கைவசம் இருக்கட்டும்.

படி 10: வகுப்பறையில் துணை நில்லுங்கள்

விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி, கருத்து எல்லாம் கொடுத்தாலும், வகுப்பறைக்குள் துணை இல்லாவிட்டால் புதிய முறை அன்றாடப் பழக்கமாவது அரிது என்பது 1980-களிலிருந்து புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் வலியுறுத்தியது. பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே, அதனால் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 40 ஆசிரியருக்குத் தலா 2 முறை, 20 நிமிடம் என்றால் 1,600 நிமிடம், அதாவது 27 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 5 துணை ஆசிரியர்கள் பகிர்ந்தால் 6 வாரத்தில் ஒருவருக்கு ஐந்தரை மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தை அவர்களுடைய கால அட்டவணையிலிருந்து விடுவித்துத் தர வேண்டும். இலவசமாகக் கேட்டால் மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

முதல் சந்திப்பு அமர்வு முடிந்து 10 நாளுக்குள் நடக்கட்டும். துணை ஆசிரியர் எழுதுவது இரண்டே வரி: எது ஓடியது, அடுத்து எது. அந்தக் குறிப்பு தலைமை ஆசிரியருக்குப் போகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள். ஆய்வு என்ற வாடை அடித்தால் ஆசிரியர் ஏற்கனவே தெரிந்ததை மட்டும் செய்து காட்டுவார்.

படி 11: மதிப்பீட்டைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

பயிற்சியை மதிப்பிடக் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு நிலைகள் எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு. நடத்தும்போது இந்த வரிசை. திட்டமிடும்போது நான்காவதிலிருந்து தொடங்குங்கள். நமது திட்டத்தில் விளைவு, ஒப்படைப்பு கருத்தோடு திரும்ப ஆகும் நாள்கள். நடத்தை, திருப்பித் தந்த தாள்களில் கருத்து உள்ளவற்றின் பங்கு. கற்றல், ஆறு வரிப் பட்டியல். எதிர்வினைக்கு அமர்வின் முடிவில் ஒரே கேள்வி போதும்: நாளை வகுப்பில் இதைச் செய்ய வேண்டுமானால் உங்கள் நிலை என்ன? தெரிவுகள்: முடியாது, குறிப்பும் ஆள் உதவியும் வேண்டும், குறிப்பு போதும், எதுவும் வேண்டாம். "பயிற்சி பயனுள்ளதா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு ஆம் என்பார்கள்.

நடத்தையைக் கடைசி அமர்வுக்கு 2 வாரம் கழித்து ஒருமுறையும், பருவம் முடிந்தபின் ஒருமுறையும் அளக்கவும். உள்நுழைவு எண்ணிக்கையை நம்பாதீர்கள். வருகைக்காகத் திறந்து மூடினாலும் அது ஏறும். எண் ஏறவில்லையென்றால் பயிற்சியை நீட்டிக்கும் முன் படி 1-இல் எழுதிய பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நிர்வாகத்துக்குக் கொடுத்த வரிகளில் எத்தனை இன்னும் அப்படியே இருக்கின்றன?

பராமரிப்பு

தளம் மாறிக்கொண்டே இருக்கும். பொத்தான்கள் இடம் பெயரும். ஒவ்வொரு குறிப்புத்தாளின் அடியிலும் சரிபார்த்த தேதியும், பொறுப்பாளரின் பதவியும் இருக்கட்டும். பெயர் எழுதினால் அவர் மாற்றலாகிப் போனதும் தாள் அநாதையாகும். பருவத் தொடக்கத்தில் பொறுப்பாளர் ஒவ்வொரு தாளையும் போலி மாணவர் கணக்கு வரை ஒருமுறை செய்துபார்க்க வேண்டும், தாளுக்கு 15 நிமிடம் ஆகும். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு நான்கு அமர்வையும் மறுபடி நடத்தத் தேவையில்லை. 10 நிமிடப் பணியைக் கொடுத்துப் பார்த்து, நின்ற இடத்துக்கு உரிய தாளையும் ஒரு துணை ஆசிரியரையும் காட்டினால் போதும்.